சேர்ந்திருப்பதும் சேர்த்துவைப்பதும்

(விலங்கு ஆர்வலர்களும் கால்நடை மருத்துவ மாணவர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருக்குறளில் 'உட்பகை' என்றோர் அதிகாரம் உண்டு. மனம் ஒத்துவராதவரோடு சேர்ந்து வாழ்வது, ஒரு குடிசைக்குள் பாம்போடு குடியிருப்பதைப் போன்றது என்று சொல்லி அந்த அதிகாரத்தை வள்ளுவர் முடிக்கிறார். பாம்போடு ஒரே கூரைக்குள் இருப்பவனுக்கு இரவில் கண் மூடாது. அந்தத் தவிப்பு நமக்கு எளிதில் புரிகிறது. நானும் இன்று அந்தக் குடிசையைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் என் குடிசைக்குள் மனிதன் இல்லை. இரண்டு பாம்புகள் இருக்கின்றன. செல்லப் பிராணியாகப் பாம்பு வளர்ப்பவர்கள் இரண்டு பாம்புகளை ஒரே பெட்டிக்குள் வைக்கலாமா? இதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் இருபது ஆண்டுகளாக ஊர்வனவற்றுக்கு மருத்துவம் பார்த்துவருகிறேன். அங்கே பாம்பு வளர்ப்பது சட்டப்படியான, சாதாரணமான பழக்கம். நாய்க்குட்டி வாங்குவதைப் போலப் பிள்ளைகளுக்குப் பிறந்தநாள் பரிசாகப் பாம்பு வாங்கித் தரும் பெற்றோர் உண்டு. என் மேசைக்கு வந்த பாம்புகள் பலவற்றின் நோய்க்கு வேரைத் தேடிப் போனால், இந்தக் கேள்விக்கு யாரோ அவசரமாகச் சொன்ன 'வைக்கலாமே' என்ற பதிலில் போய் முடியும்.

ஒரு நாள் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி தன் தாயோடு வந்தாள். கையில் இரண்டு துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு பந்து மலைப்பாம்பு. கடைகளில் 'பால் பைத்தான்' என்று விற்பார்களே, அது. இரண்டும் ஒரே தாயின் ஒரே ஈட்டு முட்டைகளிலிருந்து பொரிந்தவை. வயது இரண்டு. ஒன்றைத் தராசில் வைத்தேன், 1,100 கிராம். மற்றது 430 கிராம். சிறியது பல வாரங்களாக இரையைத் தொடவில்லை. இரண்டையும் எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். மூன்றடிக் கண்ணாடிப் பெட்டி, அதில் ஒரு வெப்பத் தகடு, ஒரு பதுங்கு குடில். இரண்டும் உயிருக்குயிராகப் பழகுகின்றன, எப்போது பார்த்தாலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சுருண்டுதான் கிடக்கும் என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமிதம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அவள் கண்டது பொய்யில்லை. கண்டதற்கு அவள் சொன்ன பொருள்தான் தவறு.

அந்தத் தவறு அவளுக்கு மட்டும் உரியதன்று. நம் ஊர்ப்புறங்களில் வயல் வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ இரண்டு பாம்புகள் உடலைப் பிணைத்துக்கொண்டு மேலெழும்பி ஆடுவதைப் பார்த்தவர்கள் இந்த அவையிலும் இருப்பீர்கள். சாரையும் நல்லபாம்பும் கூடுகின்றன என்பார்கள். மேலே ஒரு வேட்டியைப் போட்டு எடுத்துவைத்துக்கொண்டால் செல்வம் சேரும் என்பார்கள். உண்மையில் சாரையும் நல்லபாம்பும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. சாரையில் ஆணும் பெண்ணும் உண்டு, நல்லபாம்பிலும் உண்டு. சமயம் வாய்த்தால் நல்லபாம்பு சாரையை இரையாகவே விழுங்கும். அந்த ஆட்டத்தில் பெரும்பாலும் இருப்பவை இரண்டு ஆண் சாரைகள். ஒன்றன் தலையை மற்றது தரையோடு அழுத்தப் பார்க்கும் மல்யுத்தம் அது. தோற்றது விலகிப் போகும். நாம் சரசம் என்று நினைத்தது சண்டை. தலைமுறை தலைமுறையாக, கண்ணெதிரே பார்த்துக்கொண்டே, தவறாகப் படித்திருக்கிறோம். கண்ணாடிப் பெட்டிக்குள் சுருண்டு கிடந்த அந்த இரண்டு மலைப்பாம்புகளையும் அப்படித்தான் படித்தாள் அந்தப் பெண்.

அப்படியானால் அங்கே என்னதான் நடந்துகொண்டிருந்தது?

பாம்புக்கு உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளும் ஆற்றல் அனேகமாக இல்லை. சூட்டை வெளியிலிருந்துதான் வாங்க வேண்டும். பந்து மலைப்பாம்புக்குப் பெட்டியின் ஒரு முனையில் 31 முதல் 33 டிகிரி செல்சியஸ் வரை வேண்டும். மறுமுனை 25 டிகிரியை ஒட்டி இருக்க வேண்டும். காலையில் சூட்டுப் பக்கம், பிறகு குளிர்ந்த பக்கம், இரை விழுங்கியதும் மறுபடி சூடு என்று அது இடம் மாறிக்கொண்டே தன் உடலை நடத்திச் செல்லும். பாம்புக்கு இடம் என்பது பாதி மருந்து. இரை விழுங்கிய பாம்பின் உடலுக்குள் நடக்கும் வேலை சாதாரணமானதில்லை. பர்மிய மலைப்பாம்பின் இதயத் தசை, உண்ட இரண்டே நாளில் 40 சதவீதம் வரை பெருக்கிறது என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். அந்த வேலைக்கு வேண்டிய வெப்பம் கிடைக்காவிட்டால் விழுங்கிய எலி வயிற்றுக்குள்ளேயே அழுகும். பாம்பு கக்கிவிடும். அடுத்த முறை இரையை நீட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

இப்போது அந்த மூன்றடிப் பெட்டியை நினைத்துப் பாருங்கள். பழைய சென்னையின் ஒண்டுக்குடித்தனங்களில் வாழ்ந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. பத்துக் குடும்பத்துக்கு ஒரு குழாய். முந்தியவருக்குத் தண்ணீர். அந்தப் பெட்டியில் சூடான இடம் ஒன்று, பதுங்கும் குடில் ஒன்று. இரண்டு பாம்புக்கும் வேண்டியது அதே இடம், அதே நேரத்தில். பெரியது மேலே படுத்துக்கொண்டது. சிறியதுக்குக் கிடைத்தது அடியில் நசுங்கும் இடம். இல்லையென்றால் வெட்டவெளியில் குளிர். நாள்தோறும் அந்தப் பெண் கண்ட ஒற்றுமை இதுதான். ஒரு சீறல் இல்லை, ஒரு கடி இல்லை. பாம்புகளுக்கிடையே நடக்கும் அடக்குமுறை பெரும்பாலும் இப்படி ஓசையே இல்லாமல்தான் நடக்கும். அதனால்தான் அது வளர்ப்பவர் கண்ணுக்குப் படுவதில்லை.

அடுத்தது, வாடை. பாம்பு நாக்கை நீட்டி நீட்டி இழுப்பது காற்றிலும் தரையிலும் உள்ள வேதித் துகள்களை எடுத்து, மேலண்ணத்தில் இருக்கும் ஜேக்கப்சன் உறுப்பில் சேர்ப்பதற்கு. நமக்குக் கண் எப்படியோ அதற்கு நாக்கு அப்படி. காட்டில் இன்னொரு பாம்பின் தடம் நாக்கில் பட்டால், தொடர்வதா விலகுவதா என்று அது முடிவு செய்யும். பெட்டிக்குள் ஒவ்வொரு அங்குலத்திலும் அந்த மற்றப் பாம்பின் வாடைதான். குடில் இரண்டு வைத்தாலும் அதனிடமிருந்து ஒளிய முடியாது. பந்து மலைப்பாம்பு அச்சப்பட்டால் தலையை உள்ளே வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும்; அதனால்தான் அந்தப் பெயரே வந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் அது எலி வளைகளிலும் கறையான் புற்றுகளிலும் பகலைக் கழித்துவிட்டு, இருட்டிய பின் தனியாக வெளியே வரும். நைஜீரியாவில் நடந்த ஓர் ஆய்வில், ஆண்கள் மரமேறிப் பறவைகளைப் பிடிப்பதும் பெண்கள் தரையில் எலிகளைப் பிடிப்பதும் அதிகம் என்று தெரியவந்தது. ஒரே இனம், ஒரே காடு. இருந்தும் ஆணும் பெண்ணும் இரை தேடும் தளத்தைக்கூடப் பிரித்துக்கொண்டிருக்கின்றன.

மூன்றாவது, வாய். பாம்புக்குக் கையில்லை, அதன் வாய்தான் கை. ஒரு பெட்டிக்குள் எலி ஒன்றை இட்டால், ஒரு பாம்பு தலையைப் பிடிக்கும், மற்றது வாலைப் பிடிக்கும். இரண்டும் விழுங்கிக்கொண்டே வரும். நடுவில் முகமும் முகமும் சந்திக்கும்போது, பெரிய வாய் நிற்பதில்லை. எலியோடு சேர்த்து மற்றப் பாம்பையும் உள்ளே தள்ளிவிடும். கார்ன் ஸ்நேக் என்று விற்கப்படும் வட அமெரிக்கச் சாதுப் பாம்பின் குட்டிகளில்கூட ஒன்றையொன்று விழுங்கிய நிகழ்வுகள் உண்டு. கிங் ஸ்நேக் வகைகளுக்கோ பாம்பு இயல்பான இரை. கிலுகிலுப்பைப் பாம்பையே தின்பவை அவை. நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் ராஜநாகமும் பாம்புண்ணிதான். அதன் அறிவியல் பெயரிலேயே 'பாம்பைத் தின்பது' என்ற பொருள் இருக்கிறது. இந்த வகைகளைப் பொறுத்தவரை விவாதத்துக்கே இடமில்லை.

நான்காவது, நோய். மருத்துவனாக நான் அதிகம் அஞ்சுவது இதற்குத்தான். போவா வகைப் பாம்புகளிலும் மலைப்பாம்புகளிலும் நரம்பைத் தாக்கும் ஒரு கொள்ளைநோய் பல பத்தாண்டுகளாகக் காரணம் தெரியாமல் இருந்தது. தலையை நிமிர்த்த முடியாமல் பாம்பு வானத்தைப் பார்த்தபடியே முறுகிக் கிடக்கும். அரீனா வைரஸ் வகையைச் சேர்ந்த கிருமிகளோடு அதற்குள்ள தொடர்பை 2012ஆம் ஆண்டில் கலிபோர்னிய ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். போவா அந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு ஆண்டுக்கணக்கில் நலமாகத் தோன்றலாம். பக்கத்தில் இருக்கும் மலைப்பாம்பு விரைவில் மடியும். 2014இல் பந்து மலைப்பாம்புகளின் கடும் நுரையீரல் அழற்சிக்கு நிடோ வைரஸ் காரணமாகலாம் என்று தெரிந்தது. கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணி இரைப்பையைத் தடிக்கச் செய்து, உண்டதையெல்லாம் கக்கவைக்கும். அது மலத்தின் வழியாகப் பரவும். வீட்டில் புழங்கும் பிளீச்சிங் கரைசலுக்குச் சாவதில்லை. ஒரே தண்ணீர்க் கிண்ணம், ஒரே தரை என்றால் ஒன்றின் நோய் இரண்டின் நோய். புதிதாக வாங்கிய பாம்பை மூன்று மாதம் வேறு அறையில் வைத்துக் கவனியுங்கள் என்று நாங்கள் தலைப்பாடாக அடித்துக்கொள்வது இதற்காகத்தான்.

இதோடு சேர்த்து இன்னொன்று. பாம்புக்கு முனகத் தெரியாது. அதன் நோயை அது சொல்வதெல்லாம் எச்சத்திலும், உரித்த சட்டையிலும், கக்கியதிலும், எடையிலும்தான். பெட்டியில் காலையில் கக்கிய எலி கிடக்கிறது. இரண்டு பாம்புகளும் சுருண்டு கிடக்கின்றன. கக்கியது எது? எச்சத்தில் சளி இருக்கிறது, யாருடையது? இரண்டை ஒன்றாக வைத்த அன்றே, பாம்பு நம்மோடு பேசும் ஒரே மொழியையும் கலைத்துவிடுகிறோம்.

இங்கே ஒருவர் எழுந்து, நியாயமாகவே கேட்கலாம். பாம்பு என்றாலே தனிமைப் பிராணி என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கூடி வாழும் பாம்புகளே இல்லையா?

இருக்கின்றன. இதை மறைத்துவிட்டுப் பேசினால் நான் உங்களுக்கு நேர்மையாக நடந்துகொண்டவன் ஆகமாட்டேன். கனடாவின் மனிடோபா மாகாணத்தில் நார்சிஸ் என்றொரு சிற்றூர். அங்கே சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் கார்ட்டர் பாம்புகள் பல்லாயிரக்கணக்கில் ஒன்றாகக் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. மேலே கடுங்குளிர், உறைநிலைக்குக் கீழே போகாத ஆழம் அந்தப் பிளவுகளில்தான் இருக்கிறது. ஏப்ரல் கடைசியில் அவை தரைக்கு வரும்போது நிலமே நெளிவதுபோல் இருக்கும். ஒரு பெண்ணைச் சுற்றிப் பல ஆண்கள் உருண்டையாகத் திரள்வதைக் காண உலகெங்குமிருந்து மக்கள் வருகிறார்கள்.

அது குளிரும் இனப்பெருக்கமும் செய்த வேலை, நட்பு எங்கே என்றால், அதற்கும் சான்று கிடைத்திருக்கிறது. கனடாவில் மார்கன் ஸ்கின்னரும் நோவம் மில்லரும் 40 இளம் கார்ட்டர் பாம்புகளைப் பத்துப் பத்தாகப் பிரித்து, பதுங்கிடங்கள் உள்ள கூண்டுகளில் விட்டுப் பார்த்தார்கள். அவற்றை எடுத்து இடம் மாற்றி விட்ட பிறகும், பழைய கூட்டாளிகளையே தேடிப்போய்ச் சேர்ந்துகொண்டன. 2020இல் வெளியான ஆய்வு இது. அமெரிக்காவின் கிலுகிலுப்பைப் பாம்புகளில், கூடப் பிறந்த பெண் பாம்புகள் மற்றவற்றைவிட நெருக்கமாக இருப்பதை ரூலன் கிளார்க் 2004இல் காட்டினார். பந்து மலைப்பாம்பிலேயே தாய் ஏறத்தாழ இரண்டு மாதம் முட்டைகளைச் சுற்றிச் சுருண்டு காக்கிறது. பாம்பு ஓர் உணர்வற்ற கயிறு என்று நினைத்த காலம் முடிந்துவிட்டது. அந்த ஆய்வுகளைப் படித்தபோது நான் உள்ளபடியே மகிழ்ந்தேன்.

ஆனால் நார்சிஸில் நடப்பதை முழுதாகப் பாருங்கள். குளிர் முடிந்ததும் அந்தப் பாம்புகள் என்ன செய்கின்றன? பிரிந்து போகின்றன. பல கிலோமீட்டர் தொலைவில் உள்ள சதுப்புகளுக்குத் தனித்தனியே போய்க் கோடையைக் கழிக்கின்றன. அடுத்த இலையுதிர் காலத்தில் தாமாகவே திரும்பி வருகின்றன. ஆய்வுக் கூண்டில் இருந்த இளம் பாம்புகளுக்கும் எந்தக் கூட்டத்தில் சேர்வது, எப்போது விலகுவது என்ற தேர்வு இருந்தது. தேர்வு இருந்ததால்தான் அதை நட்பு என்று அறிய முடிந்தது. எழுந்து போக வழியுள்ள இடத்தில் ஒருவர் நம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அதற்குப் பொருள் உண்டு. கதவு பூட்டிய அறைக்குள் உட்கார்ந்திருந்தால் அதை வைத்து எதையும் சொல்ல முடியாது. நான் இன்று சொல்ல வந்த ஒரே செய்தி இதுதான்: சேர்ந்திருப்பது வேறு, சேர்த்துவைப்பது வேறு. பிரிய வழியில்லாத இடத்தில் சேர்க்கை என்ற சொல்லுக்கே பொருள் இல்லை.

இங்கிலாந்தின் 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், வளர்ப்பவர் நிறைவேற்ற வேண்டிய ஐந்து தேவைகளைச் சொல்கிறது. தக்க இடம், தக்க உணவு, இயல்பாக நடந்துகொள்ள வாய்ப்பு, நோயிலிருந்தும் வலியிலிருந்தும் காப்பு ஆகிய நான்கோடு, மற்ற விலங்குகளோடு சேர்ந்தோ அவற்றை விட்டு விலகியோ வாழ அதற்குள்ள தேவை என்பது இன்னொன்று. சேர்வதும் தேவைதான், விலகுவதும் தேவைதான் என்று இரண்டையும் ஒரே வரியில் சமமாக வைத்த அந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். முயலுக்கும் கிளிக்கும் துணை வேண்டும் என்று அந்த வரி கேட்கிறது. பாம்பைத் தனியே விடு என்றும் அதே வரிதான் கேட்கிறது.

ஆகவே என் பதிலைத் தெளிவாகச் சொல்கிறேன். பந்து மலைப்பாம்பு, கார்ன் ஸ்நேக், கிங் ஸ்நேக், போவா ஆகியவற்றை வளர்ப்பவர் ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு என்றே வைக்க வேண்டும். இணை சேர்க்க வேண்டுமானால் தகுந்த வயதும் எடையும் வந்தபின் சில நாள் மட்டும், கண்காணிப்போடு சேர்த்துப் பிரித்துவிட வேண்டும். ஆணையும் பெண்ணையும் நிரந்தரமாக ஒன்றாக விட்டால், உடல் முதிராத பெண் சினையாகும். முட்டை சிக்கிச் சாகவும் கூடும். கார்ட்டர் பாம்புகளை வைத்திருப்பவர் சேர்த்து வளர்க்கலாம்; அதற்கும் நிபந்தனைகள் உண்டு. ஒரே இனம், ஒத்த பருமன், மூன்று மாதத் தனிக்காப்பு முடிந்தவை, பாம்புகளின் எண்ணிக்கையைவிட அதிகமான குடில்கள், அந்தக் குடில்கள் சூட்டுப் பக்கமும் குளிர்ப் பக்கமும் பரவலாக. இரை போடும்போது ஒவ்வொன்றையும் தனித்தனியே எடுத்து ஊட்ட வேண்டும். வாரம் ஒரு முறை எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வெப்பம் ஏற்றிய காலிப் பெட்டி ஒன்று எப்போதும் தயாராக இருக்க வேண்டும். அந்தக் காலிப் பெட்டிதான் நாம் அவற்றுக்குத் திறந்துவைக்கும் கதவு.

இரண்டு பெட்டிக்கு இடமில்லை, செலவு கட்டாது என்பார்கள். அப்படியானால் ஒரு பாம்பு போதும். தன் உடலை முழு நீளத்துக்கு நீட்டிப் படுக்க இடமுள்ள ஒரு பெட்டியில், நன்றாகப் பராமரித்த ஒரு பந்து மலைப்பாம்பு முப்பது ஆண்டுகூட வாழும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக் காட்சியகத்தில் அறுபது வயதைக் கடந்த பந்து மலைப்பாம்பு ஒன்று 2020இல் முட்டையிட்டது. பாம்பு வாங்குவது அவ்வளவு நீண்ட பொறுப்பு.

தமிழ்நாட்டில் இருக்கும் உங்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் மண்ணின் பாம்புகளை வீட்டில் வைத்திருப்பதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. சாரையானாலும் மண்ணுளியானாலும் அதன் இடம் வயலும் காடும்தான். அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகம் பற்றிய ஒப்பந்தப் பட்டியலில் உள்ள அயல்நாட்டு உயிரினங்களை வைத்திருப்பவர்கள் அவற்றைப் பதிவு செய்ய வேண்டும் என்று 2024இல் விதிகள் வந்துள்ளன. பந்து மலைப்பாம்பும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளின் பைகளிலிருந்து பந்து மலைப்பாம்புகளைச் சுங்கத்துறை கைப்பற்றிய செய்திகளை நீங்கள் படித்திருப்பீர்கள். 1975க்குப் பிறகு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சட்டப்படி ஏற்றுமதியான பந்து மலைப்பாம்புகளே 30 லட்சத்துக்கு மேல். கானா, டோகோ, பெனின் நாடுகளின் புற்றுகளில் தனித்துக் கிடந்த ஒரு பிராணியை மூட்டையாகக் கட்டி அனுப்புகிறவர்களின் மனத்திலும், 'சேர்ந்தே கிடக்கட்டுமே, பாம்புதானே' என்ற அதே எண்ணம்தான் இருக்கிறது. அந்த எண்ணத்தோடுதான் என் சண்டை.

'பாம்பின் கால் பாம்பறியும்' என்பது நம் பழமொழி. நாம் பாம்பில்லை, அதன் காலை நம்மால் முழுதாக அறிய முடியாது. தராசை வைத்தும் வெப்பமானியை வைத்தும், உரித்த சட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அறிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. அதற்குப் பொறுமை வேண்டும். நமக்குப் பிடித்த கதையை அதன்மேல் போர்த்தாமல் இருக்கும் அடக்கமும் வேண்டும்.

அந்தப் பெண்ணிடம் இரண்டையும் பிரித்து வைக்கச் சொன்னேன். அவள் கண் கலங்கிவிட்டது. சின்னதுக்குத் தனியாக இருந்தால் ஏக்கமாக இருக்காதா என்று கேட்டாள். பிரித்து வைத்துவிட்டு அதையே கேட்டுப் பார் அம்மா, அது தன் எடையில் பதில் சொல்லும் என்றேன். அவள் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். முதல் மூன்று வாரம் ஒன்றுமில்லை. நான்காவது வாரம் ஓர் எலி. ஆறு மாதம் கழித்து அவள் அந்த நோட்டை என் மேசையில் வைத்தாள். கடைசி வரியில் 690 கிராம் என்று இருந்தது. அதற்குக் கீழே, இப்போது இது வெளிச்சம் அணைந்ததும் குடிலை விட்டு வந்து பெட்டி முழுக்கச் சுற்றிப் பார்க்கிறது, இதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்ததே இல்லை என்று எழுதியிருந்தாள்.

அந்தப் பிராணி இரண்டு ஆண்டாக அவள் வீட்டில்தான் இருந்தது. அவள் அதை முதன்முதலாகப் பார்த்தது அதைத் தனியே விட்ட பிறகுதான்.